றேசிங் சைக்கிளுக்குப் புதிய சில்லும் உதிரிப்பாகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டின்போது யாழ்ப்பாணத்தில் பலர் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய அல்லது கொழும்பில் பழையதாக வாங்கிய றேசிங் சைக்கிளில் ஏறினார்கள். பெற்றோல் வந்த பிறகும் இறங்கவில்லை. இன்று அந்தச் சைக்கிள்களின் சில்லுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து வருகின்றன. எதை வாங்குவது, எங்கே தேடுவது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே ஓட்டுபவருக்கு நல்ல சில்லு என்பது, பழுதானால் இங்கேயே திருத்தக்கூடிய சில்லு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

சில்லு நெளிந்துபோச்சு. புதுச் சில்லு வாங்க வேணுமோ, நெளிவு எடுத்தால் காணுமோ?

நெளிவு எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. கம்பிகள் தளர்ந்ததால் சில்லு பக்கவாட்டில் ஆடுகிறது என்றால், நெளிவு எடுக்கத் தெரிந்த ஒருவர், கம்பிகளை றிம்மில் பிடித்து இறுக்கும் சிறு மறைகளான நிப்பிள்களைத் திருகி அதைச் சரிசெய்துவிடுவார். கிடங்கில் விழுந்து றிம் அடிபட்டிருந்தால் வேறு சோதனை தேவை. அடிபட்ட இடத்துக் கம்பிகளைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்திய பிறகும் றிம் வளைந்தே நின்றால், அதைக் கம்பியின் இழுவையால் மட்டும் நேராக்கி ஓட்டுவது நீடிக்காது; அந்த இடத்தில் சில கம்பிகள் மிக இறுக்கமாகவும் சில தொய்வாகவும் இருக்கும், தொய்வானவை விரைவில் உடையும். கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் யோசிக்காமல் றிம்மை மாற்றுங்கள்.

றிம்மைப் பிடிக்கும் பிறேக் உள்ள சைக்கிளில் இன்னொரு சோதனையும் உண்டு. பிறேக் கட்டை உரசும் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிவு தெரிந்தால் றிம்மின் சுவர் மெலிந்துவிட்டது. பல றிம்களில் தேய்வைக் காட்டுவதற்கென்றே சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் றிம்மின் ஆயுள் முடிந்தது. நமது மணல் பிறேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு அரத்தைப்போல வேலை செய்வதால் இங்கே றிம் விரைவாகத் தேய்கிறது. மெலிந்த சுவரை ரயரின் காற்றழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். ஒரு நாள் அது ஓட்டத்திலேயே பிளந்துவிடலாம். இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஹப் நல்லாய்த்தான் சுத்துது. றிம்மை மட்டும் மாத்தலாமோ?

ஹப், அதாவது கம்பிகள் வந்து சேரும் சில்லின் நடுப்பகுதி, நன்றாக இருந்தால் மாற்றலாம், பல வேளைகளில் அதுவே சிறந்த வழி. புதிய றிம்மில் அதே எண்ணிக்கைத் துளைகள் இருக்க வேண்டும். நிப்பிள் அமரும் இடத்து விட்டமும் பழையதற்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அந்த விட்டம் 4 மி.மீ. மாறினால் கம்பியின் நீளம் 2 மி.மீ. மாற வேண்டும் என்பது கணக்கு. வித்தியாசம் ஓரிரண்டு மி.மீ. அளவில் இருந்தால் பழைய கம்பிகளே பெரும்பாலும் போதும்.

அப்படிப் பொருந்தினால், புதிய றிம்மைப் பழைய றிம்மின் பக்கத்தில் வைத்து, வால்வுத் துளைகள் நேர் எதிரே இருக்கும்படி ஒட்டுநாடாவால் கட்டிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுத்த றிம்முக்கு மாற்றலாம். பின்னலின் ஒழுங்கு குலையாது. கம்பிகள் துருப்பிடித்தோ, ஹப்பில் மாட்டும் முழங்கை வளைவில் தேய்ந்தோ இருந்தால் இந்தச் சிக்கனம் வேண்டாம். அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

ரயரில் 700×25 எண்டு போட்டிருக்கு. கடையில் எந்த அளவு கேக்கிறது?

700 என்பதும் 25 என்பதும் பழக்கத்தால் வந்த பெயர்கள். நம்பக்கூடிய எண் ரயரின் பக்கச் சுவரில் சிறிய எழுத்தில் இருக்கும் 25-622 என்பதுதான். ஐஎஸ்ஓ 5775 என்ற அளவு முறையின்படி, முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது எண் ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கில். இன்றைய றேசிங் சைக்கிள்கள் அநேகமாக எல்லாமே 622. றிம்மிலும் இதே எண் பொறிக்கப்பட்டிருக்கும் அல்லது ஒட்டியிருக்கும். கடைக்குப் போகும்போது இந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய சில்லையே கொண்டுபோங்கள்.

கடைக்காரர் 27 அங்குலம்தான் இருக்கு, 700க்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை எண்டுறார். வாங்கலாமோ?

வாங்க வேண்டாம். 27 அங்குல றிம்மின் விட்டம் 630 மி.மீ. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் 27×1⅜ என்று காணப்படுவதும் இதே 630தான். 8 மி.மீ. என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் 622 ரயரை 630 றிம்மில் ஏற்றவே முடியாது, 630 ரயர் 622 றிம்மில் இலகுவாக ஏறி, காற்று அடித்ததும் கழன்று வெடிக்கும்.

குழப்பத்துக்கு இடம் தரும் வேறு அளவுகளும் இங்கே புழக்கத்தில் உள்ளன. றலி, ஹம்பர் போன்ற பழைய சைக்கிள்களின் 28×1½ என்பது 635. ஜப்பான் சைக்கிளின் 26×1⅜ என்பது 590. மவுண்டன் சைக்கிளின் 26 அங்குலம் 559. அங்குலக் கணக்கில் பெரிதாகத் தோன்றுவது உண்மையில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே அங்குலத்தை மறந்துவிட்டு மேலே சொன்ன மூன்றிலக்க எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

உங்கள் பழைய சைக்கிளே 27 அங்குலத்துக்காகச் செய்யப்பட்டது என்றால், அதில் 622 சில்லைப் போடுவது பல வேளைகளில் சாத்தியம். பிறேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்கி றிம்மைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இறங்க இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 622க்கு மாறினால் ரயர் கிடைப்பது இலகுவாகும் என்பதால், நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

றிம் அளவு சரி. வேறென்ன அளக்க வேணும்?

ஹப்பின் அகலம். சில்லைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள உட்பக்கத் தூரத்தை அளவுங்கள். முன்பக்கம் பொதுவாக 100 மி.மீ. பின்பக்கம்தான் பலவாறாக இருக்கும்: 5 கியர் காலத்துச் சட்டம் 120, 6 மற்றும் 7 கியர்ச் சட்டம் 126, 8 முதல் 11 கியர் வரை றிம் பிறேக் உள்ளவை 130, டிஸ்க் பிறேக் உள்ளவை 135 அல்லது 142. இந்த 142 என்பது நெம்பை மடித்து இறுக்கும் குயிக் றிலீஸ் இல்லாமல், 12 மி.மீ. தடிப்பான அச்சு ஹப்பின் ஊடாகச் சென்று சட்டத்திலேயே திருகப்படும் வகை.

டிஸ்க் பிறேக் என்றால், தட்டு ஆறு ஆணிகளால் பூட்டப்படுகிறதா அல்லது நடுவில் ஒற்றை வளையத்தால் பூட்டப்படுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். றிம் பிறேக் சைக்கிளுக்கு டிஸ்க் சில்லை வாங்கிவிடாதீர்கள். அந்த றிம்மில் பிறேக் கட்டை உரசுவதற்கான தட்டையான பக்கமே இருக்காது.

பின்சில்லில் பிறீவீல் எண்டும் கசற் எண்டும் சொல்லுறாங்கள். என்னிடம் இருப்பது எது?

பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போது டிக் டிக் என்ற ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே வித்தியாசம். பிறீவீலில் அந்தப் பொறிமுறை பற்சக்கரத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. தொகுதி முழுவதும் ஹப்பில் திருகப்பட்டிருக்கும். கசற் என்றால் பொறிமுறை ஹப்போடு சேர்ந்த பிறீஹப்பில் இருக்கும். பற்சக்கரங்கள் அதன் வரிப்பள்ளங்களில் வழுக்கி ஏறி, ஒரு பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த வளையம் சிறிய பற்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் கசற். சக்கரங்கள் சுற்றும்போது நடுப்பகுதி அசையாமல் நின்றால் பிறீவீல்.

பழைய 5, 6, 7 கியர்ச் சைக்கிள்களில் பிறீவீல் பொதுவாக இருக்கும். பிறீவீல் ஹப்பில் அச்சு வலப்பக்கம் நீண்ட தூரம் தாங்குதல் இன்றி நிற்பதால், பாரமானவர் ஓட்டினால் அச்சு வளைவதும் உடைவதும் உண்டு. புதிதாக வாங்குபவர் கசற் வகையையே தேட வேண்டும்.

எனக்கு 9 கியர். 11 கியருக்கு எண்டு விற்கிற சில்லு பொருந்துமோ?

சிமானோ நிறுவனத்தின் எச்ஜி வகைப் பிறீஹப் என்றால் பொருந்தும். 11 கியர் றேசிங் பிறீஹப் பழையதைவிட 1.85 மி.மீ. நீளமானது, ஆகவே 8, 9, 10 கியர்க் கசற்றைப் போடும்போது அந்தத் தடிப்புள்ள வளையம் ஒன்றை முதலில் செருக வேண்டும். 7 கியர்க் கசற்றை 8 முதல் 10 வரையான பிறீஹப்பில் போடுவதற்கு 4.5 மி.மீ. வளையம் தேவை. மறுபக்கமாக, 11 கியர் றேசிங் கசற் பழைய 10 கியர்ப் பிறீஹப்பில் பொதுவாகப் பொருந்தாது. கம்பக்னோலோ நிறுவனத்தின் பிறீஹப்புக்கும் ஸ்றாம் நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் வகைக்கும் வரிப்பள்ளங்களே வேறு. இங்கே கிடைக்கும் கசற்றுகளில் பெரும்பாலானவை எச்ஜி வகைக்கு உரியவை என்பதால், தெரிவு உங்கள் கையில் இருந்தால் அதையே எடுங்கள்.

எங்கட றோட்டுக்கு எத்தனை கம்பிச் சில்லு நல்லது?

32. இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். பாரமானவரோ பொருட்கள் ஏற்றுபவரோ பின்னுக்கு 36 எடுக்கலாம். 20 அல்லது 24 கம்பிச் சில்லு எடை குறைந்தது, பார்வைக்கும் அழகானது. ஆனால் அதில் ஒரு கம்பி உடைந்தால் றிம் உடனே ஒரு பக்கம் இழுபட்டு பிறேக்கிலோ சட்டத்திலோ உரசும், நீங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். 32 கம்பிச் சில்லில் ஒன்று உடைந்தால், பிறேக்கைச் சற்றுத் தளர்த்திவிட்டு பூநகரியிலிருந்தும் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

எண்ணிக்கையைப்போலவே கம்பியின் வகையும் முக்கியம். தலைப்பகுதி முழங்கைபோல வளைந்த சாதாரணக் கம்பியையும், பித்தளை நிப்பிளையும் கேட்டு வாங்குங்கள். நேர்க் கம்பியும் தட்டைக் கம்பியும் அலுமினிய நிப்பிளும் உள்ள சில்லு உடைந்தால், அதே பொருள் வரும்வரை சில்லு சுவரில் தொங்கும்.

பின்சில்லில் கம்பி ஒண்டு மாறி ஒண்டாய் உடையுது. கம்பி தரமில்லையோ?

சில வேளை அதுவும் காரணம். பெரும்பாலும் காரணம் தொய்வு. சில்லு சுழலும்போது நிலத்தை நோக்கி வரும் கம்பியின் இழுவை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து மீண்டும் கூடுகிறது. போதிய இறுக்கம் இல்லாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து முழங்கை வளைவில் அசைகிறது. உலோகம் களைத்து ஒரு நாள் அங்கேயே உடைகிறது. பின்சில்லில் பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக றிம் வலப்பக்கம் நெருங்கி நிற்பதால், வலக் கம்பிகள் மிக இறுக்கமாகவும் இடக் கம்பிகள் தளர்வாகவும் இருக்கும். நெளிவு எடுப்பவர் சில்லு நேராக ஓடுகிறதா என்பதை மட்டும் பார்த்து இறுக்கத்தைப் பார்க்காவிட்டால், உடைவு தொடரும்.

அருகருகே உள்ள கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். விரலால் தட்டினால் ஒரே ஓசை வர வேண்டும். இவை சரியாக இருந்தும் ஒரே பக்கத்தில் பல கம்பிகள் உடைந்துவிட்டால், மிச்சக் கம்பிகளும் களைத்துவிட்டன என்று பொருள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாகப் போடுங்கள்.

றலி சைக்கிளின் கம்பி எல்லாக் கடையிலயும் கிடைக்குது. அதைப் போடலாமோ?

நீளம் பொருந்தாது. றலி போன்ற சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி என்பது பழைய ஆங்கில வழக்கம். றிம்மும் ஹப்பும் வேறு. உங்கள் கம்பியை அளக்க, முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மறை உள்ள முனைவரை அடிமட்டத்தை வையுங்கள். பின்சில்லில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓரிரண்டு மி.மீ. வேறுபடுவது வழக்கம் என்பதால் இரண்டையும் தனித்தனியே அளவுங்கள். தடிப்பு 14 கேஜ் என்றால் 2.0 மி.மீ., 15 கேஜ் என்றால் 1.8 மி.மீ.; நிப்பிளும் அதே தடிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும்.

சில்லு நன்றாக இருக்கும் காலத்திலேயே முன்சில்லு, பின்சில்லின் இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய மூன்றின் கம்பி நீளங்களையும் குறித்து, ஒவ்வொன்றிலும் சில கம்பிகளை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்புக்குள்ள கரகர எண்டு சத்தம். பெயரிங் எங்க கிடைக்கும்?

ஹப் இரண்டு வகை. ஒன்று, கோனும் (அச்சில் திருகப்படும் கூம்பு) கிண்ணமும் தளர்ந்த குண்டுகளும் உள்ளது. பொதுவாகப் பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது ¼ அங்குலக் குண்டுகளும், முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து 3⁄16 அங்குலக் குண்டுகளும் இருக்கும். சாதாரண சைக்கிளுக்கும் இதே அளவுக் குண்டுகள்தான் என்பதால் அவை எந்தச் சந்தியிலும் கிடைக்கும். ஆனால் கோன் அப்படியல்ல: சிமானோவின் பின் அச்சு 10 மி.மீ. தடிப்பும் 1 மி.மீ. மறையும் கொண்டது, பழைய ஆங்கில அச்சு ⅜ அங்குலத் தடிப்பும் அங்குலத்துக்கு 26 மறையும் கொண்டது. ஒன்றை மற்றொன்றில் திணித்தால் மறை போய்விடும்.

மற்றது, மூடிய பெயரிங்கை அழுத்திப் பொருத்தியது. அதன் முத்திரையில் 6902, 6001, 608 போன்ற எண் இருக்கும். இவை சைக்கிளுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான அளவுகள். 6902 என்றால் எங்கும் உட்துளை 15, வெளிவிட்டம் 28, தடிப்பு 7 மி.மீ.தான். ஆகவே சைக்கிள் கடையில் இல்லையென்றால் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரு பக்கமும் இறப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையையே வாங்குங்கள்.

சோளகம் அடிக்கிற காலத்தில ஆழமான றிம் ஓட்டலாமோ?

பின்னுக்கு ஓட்டலாம், முன்னுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைப் பாலத்திலும் சங்குப்பிட்டியிலும் காற்றைத் தடுக்க ஒரு பனையும் இல்லை. 50 மி.மீ. ஆழமான முன் றிம்மில் பக்கக் காற்று திடீரென மோதும்போது, ஹாண்டில் கையிலிருந்து திரும்பப் பார்க்கும். பேருந்து கடந்து போகும் கணத்தில் அது ஆபத்தானது. முன்னுக்கு 30 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த றிம் போதும்.

28 ரயர் போட விருப்பம். பழைய றிம் தாங்குமோ?

றிம்மின் உள் அகலம் 15 மி.மீ. என்றாலும் 28 ரயர் அதில் உட்காரும்; 17 அல்லது 19 என்றால் இன்னும் நன்றாக உட்காரும். தடை பெரும்பாலும் சட்டத்திலும் பிறேக்கிலும்தான். ரயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் சில மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உள்ளூர் ஒழுங்கைகளுக்கு 28ஐவிடக் குறைந்த ரயரை நான் பரிந்துரைப்பதில்லை.

புதிய றிம்கள் சிலவற்றில் ரயரைப் பிடித்துக்கொள்ளும் உள்நோக்கிய மடிப்பு விளிம்பில் இருக்காது. அவற்றில் ரியூப் இல்லாமல் ஓட்டத்தக்க ரயரை மட்டுமே போடலாம். காற்று 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, தாண்டக்கூடாது. கடையில் கொம்பிறசரால் காற்று அடிப்பவருக்கு இது தெரிந்திருக்காது. ரியூப் இல்லாத ரயரில் ஊற்றும் பால் (துளை அடைக்கும் திரவம்) நெருஞ்சி முள்ளின் துளையை நன்றாக அடைக்கும். ஆனால் நமது வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

மாமா கனடாவில இருந்து வாறார். சில்லைக் கொண்டுவரச் சொல்லலாமோ?

622 றிம்மின் வெளிவிட்டம் ஏறத்தாழ 63 செ.மீ. ஆகையால் அது சாதாரண சூட்கேசுக்குள் அடங்காது. தனிப் பொதியாகத்தான் வர வேண்டும். அந்தச் சிரமத்தைக் கொடுப்பதற்கு முன் கொழும்பில் பாருங்கள். புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக உள்ளன. மேலே சொன்ன எல்லா அளவுகளையும் எழுதிக் கொடுத்தால் அங்கே போகும் யாரும் வாங்கிவரலாம். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சிறியதும் இங்கே கிடைக்காததுமான பொருட்களைக் கேளுங்கள்: துருப்பிடிக்காத கம்பிகள், பித்தளை நிப்பிள்கள், ஹப், கசற், கோன்கள், மடித்துக் கொண்டுவரக்கூடிய ரயர்.

ரியூபின் வால்வு வகையையும் சொல்லிவிடுங்கள். றேசிங் றிம்மின் துளை 6.5 மி.மீ., மெல்லிய பிறெஸ்ரா வால்வுக்கு மட்டும் உரியது. மோட்டார் சைக்கிள் வகை வால்வு உள்ள ரியூப் அதில் நுழையாது.

கடற்கரைப் பக்கம் ஓட்டுறன். சில்லு உப்பில உக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஓடி வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதுதான். கிணற்று நீர் உவர் என்றால் அதால் கழுவுவதில் பயனில்லை. அழுத்த நீர்க் குழாயை ஹப்பை நோக்கிப் பிடிக்காதீர்கள். நிப்பிள்கள் றிம்மைத் தொடும் இடத்தில் இடைக்கிடை ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பிறேக் உரசும் இடத்தில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். அலுமினிய நிப்பிள் உப்பில் அரித்து, திருகும்போது உருண்டுபோவதால்தான் மேலே பித்தளையை வலியுறுத்தினேன்.

பழைய இரும்புச் சட்டம், பின்னுக்கு 126. இப்ப கிடைக்கிற 130 ஹப்பைப் போடலாமோ?

இரும்புச் சட்டத்தில் போடலாம். பக்கத்துக்கு 2 மி.மீ. என்பதால் கையால் விரித்துச் செருகினாலே நுழையும். நிரந்தரமாக விரிப்பதென்றால் இரண்டு கால்களையும் சமமாக விரித்து, நடுக்கோட்டை நூல் பிடித்துச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அலுமினியச் சட்டத்தையும் காபன் சட்டத்தையும் ஒருபோதும் விரிக்கக்கூடாது, அவை வெடிக்கும்.

பழைய பெயர்பெற்ற சில்லு ஒண்டு மலிவாய் வருது. பிறீஹப் மட்டும் வேலை செய்யேல்ல. வாங்கித் திருத்தலாமோ?

ஹப்பின் மாதிரி எண்ணைப் பார்த்து, அதற்கான பிறீஹப் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பிறீஹப்புகள் ஒரு ஹப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அரிது. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையிலேயே பொருந்தாமல் போவதுண்டு. சில வேளை உள்ளே கிறீஸ் இறுகியதால்தான் பற்கள் பிடிக்காமல் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் உயிர்பெறும். விற்பவர் சம்மதித்தால் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்து பாருங்கள்.

பாகம் கிடைக்காது என்று தெரிந்தால், அந்தச் சில்லின் விலையை அதன் றிம்மின் விலையாக மட்டும் கணக்கிடுங்கள். 32 துளையுள்ள, தேயாத நல்ல றிம் என்றால், எச்ஜி பிறீஹப் உள்ள வேறொரு 32 துளை ஹப்பில் புதிய கம்பியால் பின்னி எடுக்கலாம். 18 அல்லது 20 துளையுள்ள, தனக்கென்றே செய்த ஹப்பும் கம்பியும் கொண்ட சில்லு என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.